வெளிர்நிறச் சுருட்டும் வெறும்வயிறும்

கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டுக்கு அருகே, காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருள் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வின்சர் பக்கம் காரில் போகும்போது நீண்ட பழைய மரக்கொட்டகைகளும், கோடையில் சில வயல்களின் மேல் பந்தல் போட்டாற்போல் விரிந்திருக்கும் வெள்ளை வலைத்துணியும் கண்ணில் படும். அவை புகையிலை வயல்கள் என்பதும், உலகில் மென்மைக்குப் பேர்போன சுருட்டுகளின் மேல் இலை இந்தக் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளைகிறது என்பதும் இங்கே குடிவந்து மூன்றாண்டுகள் கழித்தே எனக்குத் தெரியவந்தன. எங்கள் குடும்பம் உறையூர். அங்கே சுருட்டு என்பது வீட்டுக்கு வீடு கைத்தொழிலாக இருந்த காலத்தில் வாழ்ந்தவர் என் தாத்தா. மதியச் சாப்பாடு முடிந்து, திண்ணையில் சாய்ந்து, வெற்றிலைச் செல்லத்தை ஒருபுறம் தள்ளி வைத்துவிட்டு ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று வழங்கும் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான் என்பதால், இந்த விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற ஒரு நினைப்பும் உள்ளூர இருந்தது.

2022 ஜூன் இறுதியில் மனைவியும் மகளும் பள்ளி விடுமுறைக்குத் திருச்சிக்குப் போயிருந்தார்கள். சிகரெட்டை விட்டு எட்டாண்டுகள் ஆகியிருந்தன. வீடு முழுவதும் அமைதி. விடிகாலையில் பின்கட்டு மரத்தளத்தில் காபியோடு உட்கார்ந்தால் பறவைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. சனிக்கிழமைக் காலைகளில் மட்டும் ஒரு நல்ல சுருட்டு, அதுவும் காரமில்லாமல், பாலேடு போல நாவில் படியும் மென்மையான ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என்ற ஆசை எங்கிருந்தோ வந்தது. எட்டாண்டுகள் விலகியிருந்தவனுக்கு இந்த ஆசை வந்ததே ஒரு சறுக்கல்தான் என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். புகைக்காதவர்கள் இதைப் படித்துப் புகைக்கத் தொடங்கக் கூடாது; ஏற்கெனவே கடைவாசலில் நிற்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நெடுஞ்சாலையோரப் பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். காலையில் புகைக்க மிதமான சுருட்டு வேண்டும் என்றேன். கல்லாவில் இருந்த இளைஞர் ஓர் அலமாரியைக் கையால் காட்டிவிட்டுத் தம் தொலைபேசிக்குத் திரும்பிவிட்டார். அந்த அலமாரியில் கறுப்பு, காபிக்கொட்டை நிறம், செம்பழுப்பு, வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பு என்று வரிசையாக இருந்தன. டிகாக்‌ஷன் கறுப்பாக இருந்தால் திடம், பால் கூடினால் மென்மை என்று பழகிய கண் அல்லவா, ஆகவே இருப்பதிலேயே வெளிறிய ஒன்றைத் தேர்ந்தேன். அட்டையில் ‘கனெக்டிகட்’ என்ற சொல்லும் இருந்தது. நம்ம ஊர் இலை என்று பெருமையாகக்கூட இருந்தது. ஒன்றை மட்டும் வாங்கிப் பார்க்கும் பொறுமை இல்லாமல், பெட்டியாக எடுத்தால் மலிவு என்ற கணக்கில் 20 சுருட்டுகள் கொண்ட பெட்டியை 186 டாலருக்கு எடுத்தேன்; 6.35 விழுக்காடு விற்பனை வரியையும் சேர்த்தால் 198 டாலருக்குச் சில சென்ட் குறைவு. ஆறு அங்குல நீளம், கட்டைவிரலை விடப் பருமன். பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் உள்ளே இருக்கும் இலைகள் எந்த நாட்டவை, எந்த வகை என்று அச்சிட்டிருந்தார்கள். அதை நான் படிக்கவில்லை. இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு வரியைப் படிக்காததால் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்து, பால் தீர்ந்துபோயிருந்ததால் வெறும் டிகாக்‌ஷனில் சர்க்கரைகூடப் போடாமல் வெந்நீர் ஊற்றிக்கொண்டு, வேறு எதுவும் சாப்பிடாமல் பற்றவைத்தேன். முதல் ஐந்து நிமிடங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தது. வறுத்த முந்திரி, சற்றே இனித்த ரொட்டி மாதிரி ஒரு மணம். பழைய சிகரெட் பழக்கத்தில் கால் நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்தேன். சில முறை என்னையறியாமல் நெஞ்சுக்குள்ளும் இழுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் நாக்கில் மிளகு போல ஒரு சுணை ஏறியது. இருபதாவது நிமிடத்தில் வாயில் எச்சில் ஊறி நிற்கவே இல்லை, விக்கல் எடுத்தது, உள்ளங்கையும் கழுத்தும் சில்லென்று வியர்த்தன. எழுந்து உள்ளே போகலாம் என்று நினைத்தால் தளமே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு செடிகளின் மேல் வாந்தி எடுத்தேன். பிறகு அப்படியே மரப்பலகையில் மல்லாந்துவிட்டேன். பனி ஈரம் சட்டையில் ஏறியதும், இதயம் காதுக்குள் அடித்ததும் இன்றும் நினைவிருக்கின்றன. மாரடைப்போ என்ற பயத்தில் 911க்கு அழைக்கத் தொலைபேசியைக் கையில் எடுத்து, வாசலில் ஆம்புலன்ஸ் நின்றால் எதிர்வீட்டார் என்ன நினைப்பார்கள், திருச்சிக்குச் செய்தி எப்படிப் போகும் என்றெல்லாம் யோசித்து, வைத்துவிட்டேன். அந்த யோசனை மடத்தனம். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால், அது நிக்கோட்டினா வேறெதுவுமா என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு படுத்திருக்கக் கூடாது, அழைத்துவிட வேண்டும். எனக்கு அரை மணி நேரத்தில் தணிந்தது என் நல்ல காலம். தவழ்ந்து போகாத குறையாக அடுக்களைக்குப் போய், எலுமிச்சம்பழச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் கலந்து சிறிது சிறிதாகக் குடித்தேன். நண்பகல் வரை கிறுகிறுப்பு விடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் சுருட்டுக் குடித்து வாந்தி எடுத்தேன் என்று யாரிடம் சொல்வது?

ஏன் இப்படி ஆனது என்று பிறகுதான் விளங்கிற்று. சிகரெட்டின் புகை பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது, ஆகையால் நிக்கோட்டின் ஏற வேண்டுமானால் நுரையீரல் வரை போக வேண்டும்; சுருட்டுப் புகை அதற்கு எதிரான காரத்தன்மை (நாவில் உறைக்கும் காரமல்ல, ஆல்கலி) மிகுந்தது, வாயின் உட்தோல் வழியாகவே நிக்கோட்டின் இரத்தத்தில் கலந்துவிடும். அதனால்தான் சுருட்டுப் புகையை உள்ளிழுப்பதில்லை. ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலைதான் இருக்கும். பெரிய சுருட்டு ஒன்றிலோ ஒரு முழு சிகரெட் பாக்கெட்டில் உள்ள அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். இரவு முழுதும் காய்ந்த வயிற்றில், சர்க்கரையில்லாத காபியின் மேல், அதை நெஞ்சுக்குள்ளும் இழுத்தால் உடம்பு வேறு என்ன செய்யும்? தாத்தா ஏன் சாப்பிட்ட பிறகே பற்றவைத்தார் என்பது அன்று மத்தியானம் தயிர்சாதம் சாப்பிடும்போது உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து, வீணாகக் கிடக்கும் பெட்டியை என்ன செய்வது என்ற வருத்தத்தில் ஒரு சுருட்டை எடுத்துக்கொண்டு ஹார்ட்ஃபோர்டில் இருக்கும் வேறொரு சின்னக் கடைக்குப் போனேன். அங்கே எழுபது வயது மதிக்கத்தக்க போர்ட்டோ ரிக்கோக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய தந்தையார் இந்தப் பள்ளத்தாக்கின் புகையிலை வயல்களில் வேலை செய்ய வந்தவர்; அவரும் சிறுவயதில் கோடை விடுமுறைகளில் அந்த வெள்ளைப் பந்தலுக்குள் இலை பறித்தவர். நான் நடந்ததைச் சொன்னதும் சிரிக்காமல் கேட்டார். “மிஹோ (மகனே), நீ சட்டையைப் பார்த்து ஆளை எடை போட்டிருக்கிறாய்,” என்றார். பிறகு என் கையிலிருந்த சுருட்டை வாங்கி, செய்தித்தாளை விரித்து, ஒரு சிறு கத்தியால் நீளவாக்கில் பிளந்தார். ஒன்பது டாலர் சுருட்டு என்று எனக்கு மனம் பதறியது.

மேல் இலையை அவர் உரித்து வெளிச்சத்தில் பிடித்தபோது அது பட்டுத்துணி போல மெல்லியதாக, நரம்பே தெரியாமல், எதிர்ப்பக்கம் விரல் தெரியும்படி இருந்தது. அதற்குக் கீழே சற்று முரடான ஓர் இலை மொத்தத்தையும் கட்டி வைத்திருந்தது. அதற்கும் உள்ளே, கைவிசிறி மடிப்பு போல மடித்து வைத்த நான்கு இலைகள். அவற்றில் இரண்டு காகிதம் மாதிரி மெலிந்து, காய்ந்த வாழைச்சருகின் நிறத்தில் இருந்தன. மற்ற இரண்டும் தடித்து, கருத்து, விரலில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு ஒட்டும்படி இருந்தன. அந்தத் தடித்த இலையின் பெயர் லிகேரோ. செடியின் உச்சியில், வெயிலை நேராக வாங்கி வளர்வது. காரமும் நிக்கோட்டினும் அதில்தான் அதிகம். மெதுவாக எரியும் என்பதால் நடுவில் வைப்பார்கள். செடியின் நடுப்பகுதி இலை செக்கோ, மணத்துக்கு. அடியிலை வொலாடோ, நன்றாகப் பற்றி எரிவதற்கு. மென்மையான சுருட்டு வேண்டுமென்றால் உள்ளே செக்கோவும் வொலாடோவும் மிகுந்திருக்க வேண்டும்; மேலே எந்த நிறத்தில் சட்டை போட்டிருந்தாலும் உள்ளே இரண்டு லிகேரோ இருந்தால் அது மிதமானதாக இருக்க முடியாது. கறுத்த மேல் இலை கொண்ட சுருட்டு சில சமயம் வெளிறியதை விடச் சாதுவாக இருக்கும் என்றும், கறுப்பு நிறம் நீண்ட நாள் புளிக்க வைத்துப் பதப்படுத்துவதால் வருவது, அதனால் இனிப்புத்தான் கூடும் என்றும் சொன்னார். காரம் வேறு, நாவில் படியும் கனம் வேறு. பாலேடு போன்ற தன்மை என்று நாம் தேடுவது இரண்டாவது வகை. அது காரமே இல்லாமலும் வரும்.

அந்தப் பந்தல் கதையையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்ரா தீவிலிருந்து வந்த மெல்லிய இலை இங்குள்ள உழவர்களின் பிழைப்பைக் கெடுத்தபோது, அந்தத் தீவின் ஈரக் காற்றையும் மங்கிய வெளிச்சத்தையும் இங்கேயே உண்டாக்கிப் பார்க்கலாம் என்று 1900ஆம் ஆண்டில் வின்சரில் துணிப்பந்தல் போட்டு விளைவித்துப் பார்த்தார்கள். நிழலில் வளரும் இலை வெளிச்சத்தைத் தேடி அகன்று, மெலிந்து, நிறம் வெளிறிப்போகிறது. மார்ட்டின் லூதர் கிங் மாணவராக இருந்தபோது 1944 கோடையில் பக்கத்துச் சிம்ஸ்பரியில் புகையிலைப் பண்ணையில் வேலை செய்தார் என்பதை இந்தப் பெரியவர் ஒவ்வொரு முறையும் சொல்லாமல் விடமாட்டார். இன்று அந்த வயல்களில் பெரும்பகுதி கிடங்குகளாகவும் வீடுகளாகவும் மாறிவிட்டது. அதே வகை இலையை ஈக்வடாரிலும் பயிரிடுகிறார்கள். அங்கே மேகமூட்டமே பந்தலாகிவிடுவதால் துணி தேவைப்படுவதில்லை. இப்போது ‘கனெக்டிகட்’ என்று அட்டையில் போட்டு விற்பனையாகும் சுருட்டுகளில் நிறைய ஈக்வடார் இலைதான். என் அனுபவத்தில் அது பள்ளத்தாக்கு இலையை விட ஒரு பிடி காரம் கூடுதல். என் பெட்டியின் அடியிலும் ஈக்வடார் என்றே இருந்தது. நம்ம ஊர் இலை என்ற பெருமையும் அத்தோடு போயிற்று.

அத்தோடு நான் திருந்தியிருந்தால் செலவு குறைந்திருக்கும். சுருட்டுகளைப் பாதுகாக்க ஹியூமிடார் என்ற மரப்பெட்டியை 90 டாலருக்கு வாங்கி, வந்த அன்றே மிச்சத்தை உள்ளே அடுக்கி மூடினேன். புதுமரம் பஞ்சு மாதிரி ஈரத்தை உறிஞ்சும் என்று யாரும் சொல்லவில்லை. பத்து நாளில் சுருட்டுகள் சருகாகிவிட்டன; விரலால் அழுத்தினால் மேல் இலை அப்பளம் போல நொறுங்கியது. பதறிப்போய்க் குழாய்த் தண்ணீரில் பஞ்சை நனைத்து உள்ளே வைத்தேன். ஆகஸ்டு புழுக்கம் வேறு. மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது, பற்றவைக்கும் நுனிகளில் பச்சையும் வெள்ளையுமாக ரோமம் முளைத்திருந்தது. நாள்பட்ட சுருட்டின் மேல் படியும் வெண்பொடி நல்லது என்று எங்கோ படித்து, அதுதான் இது என்று ஒரு நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பச்சை நிறத்தில், ரோமமாக, தொட்டால் கறை விட்டால் அது பூஞ்சணமே. குப்பைக்குத்தான் போக வேண்டும். பன்னிரண்டு போயிற்று. ஒன்று பிளப்பதற்கும், நான்கு காரம் விரும்பும் அலுவலக நண்பருக்கும் முன்பே போயிருந்தன. மொத்தப் பெட்டியில் நான் புகைத்தது மூன்று. அவற்றையும் பாதியில் அணைத்தேன்.

ஈர விஷயத்தில் இப்போது செய்வது எளிது. புதுப்பெட்டி என்றால் முதலில் இரண்டு வாரம், சுருட்டு இல்லாமல், 84 விழுக்காட்டு ஈரப்பொதியை (காற்றின் ஈரத்தைக் குறித்த அளவில் நிறுத்தும் சிறு பொட்டலம்) மட்டும் உள்ளே வைத்து மரத்தைப் பழக்க வேண்டும். பிறகு 65 அல்லது 69 விழுக்காட்டுப் பொதிக்கு மாற்றிவிடலாம். மென்மையான சுருட்டுக்கு நான் 65ஐயே விரும்புகிறேன்; ஈரம் கூடினால் புகை கனத்து, கசந்து, அடிக்கடி அணையும். பெட்டிக்குள் ஈரத்தை அளக்கும் ஈரமானியை நம்புவதற்கு முன் ஒரு பாட்டில் மூடியில் சாதாரணச் சமையல் உப்பைப் போட்டு, நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மானியோடு சேர்த்து இறுக மூடிய பையில் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். அது 75 காட்ட வேண்டும். என்னுடையது 67 காட்டியது. அதாவது, பெட்டிக்குள் நிலவிய ஈரத்தை எட்டு புள்ளி குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சூடும் கவனிக்க வேண்டியது: அறை வெப்பம் 24 டிகிரியைத் தாண்டி நீடித்தால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரித்து, ஊசித்துளை போட்டுவிடும். உண்மையைச் சொன்னால், மாதத்துக்கு நான்கைந்து சுருட்டு வாங்குகிறவருக்கு மரப்பெட்டியே தேவையில்லை; ரப்பர் விளிம்பு வைத்த சாதாரணக் கண்ணாடி ஜாடியும் ஓர் ஈரப்பொதியும் போதும். என்னிடம் இப்போது இருப்பது அதுதான்.

இடையில் இன்னொரு கூத்து. ‘கிரீம்’ என்று தகரப்பெட்டியில் எழுதியிருந்ததைப் பார்த்து ஐந்து சிறு சுருட்டுகளை 24 டாலருக்கு வாங்கினேன். அவை வெனிலா வாசனை ஏற்றி, வாய்வைக்கும் நுனியில் இனிப்புத் தடவியவை. இலையின் இயல்பான மென்மைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மருந்துக்கடைச் சிரப்பைச் சப்புவது போல் இருந்தது. அவற்றையும் அந்த மரப்பெட்டிக்குள்ளேயே வைத்ததால், மரம் வாசனையைக் குடித்து, பெட்டி இன்றைக்கும் பிறந்தநாள் கேக் மாதிரி மணக்கிறது. வாசனை ஏற்றியவற்றை மற்றவற்றோடு ஒருபோதும் வைக்கக் கூடாது. கட்டருக்கும் லைட்டருக்கும் ஆன 45 டாலரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்தக் கோடையில் 357 டாலர் போயிருந்தது. அன்றைய மதிப்பில் 28,000 ரூபாய்க்குப் பக்கம்.

இப்போது நான் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் அளவு. சுருட்டின் பருமனை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காக எண்ணுவார்கள். 42 என்றால் அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கீழே. காலைக்கு ஐந்து அங்குல நீளமும் 42 பருமனும் போதும். முப்பது நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும், உடம்பில் ஏறும் நிக்கோட்டினும் அதற்கேற்பக் குறைவு. பருத்தது நின்று குளிர்ச்சியாக எரியும் என்பார்கள்; உண்மைதான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அடுத்து உள் இலை. டொமினிக்கன் இலைகள் பெரும்பாலும் சாதுவானவை. நிக்கராகுவா இலை மிகுந்திருந்தால் மிளகுச் சுணை வரும், காலைக்கு எனக்கு ஒத்துவரவில்லை. மக்கானுடோ கஃபே, ஆஷ்டன் கிளாசிக் போன்றவை பள்ளத்தாக்கின் நிழல் இலையை மேலே சுற்றி, டொமினிக்கன் குடியரசில் செய்பவை. இவற்றில் எனக்குத் தொல்லை வந்ததில்லை. காரம் விரும்பிகள் இவற்றை வெறும் காற்று என்பார்கள். காலை ஏழரை மணிக்கு எனக்கு அந்தக் காற்றே போதும். எதுவானாலும் ஒன்றே ஒன்று வாங்கிப் பார்க்க வேண்டும். கடையில் எடுத்ததும் நுனியை முகர்ந்தால் வைக்கோல், மரம் மாதிரி மணக்க வேண்டும். மூக்கில் குத்தும் அமோனியா வாடை இருந்தால் இலை இன்னும் சரியாகப் பதப்படவில்லை, வயிற்றைப் புரட்டும். இரு விரலால் மெல்ல அழுத்தினால் அமுங்கி மீள வேண்டும்.

வீட்டில் இரண்டு இட்லியாவது சாப்பிட்ட பிறகே தொடுகிறேன். பக்கத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்த ஃபில்டர் காபி. கங்கு அணையாமல் இருக்க நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்தால் போதும். அதற்கு மேல் வேகம் போனால் எவ்வளவு மென்மையான இலையும் சூடேறிக் கசந்துவிடும். என் முதல் சுருட்டின் கசப்பில் பாதி லிகேரோவின் குற்றம், மீதி என் அவசரத்தின் குற்றம். எச்சில் ஊறத் தொடங்கினாலோ விக்கல் வந்தாலோ அதுதான் முதல் எச்சரிக்கை. செலவழித்த காசைப் பார்க்காமல் வைத்துவிட்டு, வெல்லத்துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறேன். கடைசி மூன்றிலொரு பங்கில் காரம் தானாகவே கூடும். நான் அதற்கு முன்பே நிறுத்திவிடுவேன்.

மிதமானது என்ற சொல் நாவுக்கு மட்டும்தான் பொருந்தும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வெளிர்நிற இலை, கறுத்த இலை என்ற வேற்றுமை இல்லை. உள்ளிழுக்காவிட்டாலும் வாய்க்கு ஆபத்து ஆபத்துதான். தினமும் காலையில் என்று போனால் சில வாரத்தில் உடம்பே எழுப்பிக் கேட்கும். சிகரெட்டில் அதைப் பார்த்தவன் நான். ஆகவே மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, வீட்டுக்கு வெளியே, மகள் எழுவதற்கு முன் என்று வரம்பு வைத்திருக்கிறேன். பல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் நாக்கடியையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்த்துவிட்டு, இரண்டை ஒன்றாக்கலாமே என்கிறார். மனைவி, அந்த ஒன்றையும் விட்டுவிடலாமே என்கிறாள். அவளிடம் இன்னும் எதிர்வாதம் கிடைக்கவில்லை.

புதிய வகை எதையாவது வாங்கினால் இப்போதெல்லாம் இரண்டாக வாங்குகிறேன். ஒன்றை அடுக்களை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துப் பிளந்து பார்ப்பேன். விரலில் எண்ணெய் ஒட்டினால் மற்றொன்றைச் சாப்பாட்டுக்குப் பிந்திய மாலைக்கு ஒதுக்கிவிடுவேன். எட்டு டாலரைக் கத்தியால் அறுக்கிற மனிதனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மனைவி சொல்வாள். 198 டாலர்க் கதையை அவளுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.